அது போஸ் கொடுக்கவில்லை: திமிங்கலச் சுறாவைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நான் எடுத்த கடல் படங்களிலேயே நன்றாக வந்த படம், நான் செய்த ஒரு தவறின் படம். மாலத்தீவில், தெற்கு ஆரி பவளத்தீவுகளின் ஓரத்தில் எடுத்தது. எங்கள் தோணியின் மேல்தளத்தில் நின்ற பையன் கையை நீட்டிக் கத்தினான். (அங்கே படகுக்கு ‘தோனி’ என்றுதான் பெயர், நம் தோணிதான்.) கைடு “குதிங்க, குதிங்க” என்று சைகை காட்ட, பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தோம். யாருடைய ஃபின்னோ (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) என் மாஸ்க்கில் இடித்து உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. அதை வெளியேற்றிவிட்டுக் கீழே பார்த்தால், ஐந்தாறு மீட்டர் நீளத்தில் சாம்பல் நிறப் பாறை ஒன்று நகர்ந்து போகிறது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், மார்கழி வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இப்போது தெரியும். அன்று செய்தது வேறு. காலை வேகமாக உதைத்து அதன் பக்கவாட்டில் ஏறி, தலைக்கு முன்னால் போய்த் திரும்பி கேமராவை நீட்டினேன். அது மெல்ல ஒருபக்கம் சாய்ந்து, முதுகு முழுவதையும் என் பக்கம் காட்டியது. படம் அபாரமாக வந்தது. “எப்படி போஸ் கொடுக்குது பாருங்க” என்று படகில் எல்லோரிடமும் காட்டினேன்.

அது போஸ் இல்லை. திமிங்கலச் சுறாவின் முதுகுத் தோல் மிகத் தடிமனானது, வயிற்றுப் பக்கம் அப்படி இல்லை. தொல்லை என்று தோன்றுகிற பொருளின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்வது அதன் தற்காப்பு. அதற்கு ஓடத் தோன்றாவிட்டால் இப்படிச் சாயும். இன்னும் தொல்லை அதிகமானால் கண்ணைக் குழிக்குள் இழுத்துக்கொள்ளும், உடம்பை ஒரு உதறு உதறும், திசை மாறும், அல்லது ஆழத்துக்கு இறங்கிவிடும். நாய்போல உறுமவோ பூனைபோல முடியைச் சிலிர்க்கவோ அதனால் முடியாது. அதனால்தான் முதல் தவறு இவ்வளவு சுலபமாக நடக்கிறது: ஓடவில்லை என்றால் தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான். பிலிப்பைன்ஸில் டான்சோல் என்ற ஊர்க் கடலில் சுற்றுலாப் பயணிகளையும் சுறாக்களையும் சேர்த்துக் கவனித்த ஒரு ஆய்வு 2007இல் வெளியானது. ஆட்கள் வழியை மறித்தாலோ மிக அருகில் போனாலோ சுறாக்கள் திசை மாறின. மெக்சிகோவின் லா பாஸ் வளைகுடாவில் ட்ரோன் வைத்து மேலிருந்து படம்பிடித்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. நீந்துகிறவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அதன் நீச்சல், இரைகொல்லியிடமிருந்து தப்பும் விலங்கின் நீச்சலை ஒத்திருந்தது. நமக்கு அது சாவகாசமாக நகர்வதுபோலத் தெரிகிறது. அவ்வளவு பெரிய உடம்பின் அவசரம் நம் கண்ணில் படுவதில்லை.

சரி, சுற்றுலாவே கூடாதா? என் பதில், கூடும். ஆனால் எங்கே, எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்து.

திரும்பி வருவது எதற்கு அத்தாட்சி?

“தொந்தரவாக இருந்தால் தினமும் ஏன் வருகிறது?” இந்தக் கேள்வியைப் பயண வீடியோக்களின் கீழே நூறு முறையாவது பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் பிலிப்பைன்ஸின் செபு தீவில் உள்ள ஒஸ்லோப் பற்றிய வீடியோவாக இருக்கும். அங்கே 2011 முதல் சுறாக்களுக்குத் தீனி போட்டுக் காட்டுகிறார்கள். தீனி, நம் ஊர்க் கூனி இறால் போன்ற பொடி இறால். கரைக்குக் கிட்டத்திலேயே துடுப்புப் படகுகள் வரிசையாக நிற்கும். ஒருவர் சின்னப் படகில் உட்கார்ந்து பிடிப்பிடியாக அள்ளிப் போடுவார். சுறா வாயைத் திறந்தபடி செங்குத்தாகத் தண்ணீரில் தொங்கும். விடிந்ததும் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிந்துவிடும். சுறாவுக்கு மட்டுமல்ல, பார்க்க வருகிறவர்களுக்கும் இது ஆபீஸ் நேரம்போல ஆகிவிட்டது.

அங்கே அது வருவது இரைக்கு. கோயில் வாசலில் பொரி கிடைக்கும் வரை புறா வருகிறது, அதற்காகப் புறாவுக்குக் கூட்டம் பிடிக்கும் என்று சொல்வோமா? லாமாவே என்ற ஆய்வு அமைப்பு ஒஸ்லோப் சுறாக்களை 2012 முதல் பல ஆண்டுகள் ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கவனித்திருக்கிறது. தீனிக்குப் பழகியவை மற்றவற்றைவிட அதிக நாள் அங்கேயே தங்குகின்றன. படகை ஒட்டியே நிற்பதால் பெரும்பாலானவற்றின் உடம்பில் உரசல் தழும்புகள். அந்தப் பகுதியின் பாறைத்திட்டிலும் பக்கத்துக் கடலைவிடப் பவளம் குறைந்து பாசி கூடியிருந்தது. எனக்கு இதையெல்லாம்விடக் கவலை தருவது வேறு: படகு என்றால் சோறு என்று கற்றுக்கொண்ட ஒரு குட்டிச் சுறா நாளை வேறு கடலுக்குப் போய், வேறு படகின் எஞ்சினை நோக்கி நீந்தினால்?

ஒஸ்லோப் மீனவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றாடங்காய்ச்சிகளாக இருந்தவர்களுக்கு நிலையான வருமானம் வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்பது நம் கையில்தான் இருக்கிறது. தீனி போடுகிற இடத்துக்கு நான் போக மாட்டேன்.

இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்காலூ பவளத்திட்டைப் பாருங்கள். அங்கே தீனி கிடையாது. மார்ச் மாதத்தை ஒட்டிப் பவளங்கள் முட்டையிடும் காலத்தில் கடல் சத்து மிகுந்து, மிதவை உயிரிகள் பெருகி, அவற்றைத் தின்னச் சுறாக்கள் தாமாக வருகின்றன. குட்டி விமானம் மேலே பறந்து பார்த்துச் சொல்லும். ஒரு சுறாவைச் சுற்றி 250 மீட்டருக்குள் ஒரே ஒரு படகு. ஒரு நேரத்தில் தண்ணீரில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. படகு 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தொடக்கூடாது, ஃபிளாஷ் கூடாது, மறிக்கக்கூடாது. பல ஆண்டுகளாகத் தனித்தனிச் சுறாக்களைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், சுற்றுலாவைச் சந்தித்தவை பின்னாளில் அங்கே வராமல் போய்விடவில்லை. இங்கே ‘திரும்பி வருகிறது’ என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு, ஏனென்றால் வரவழைக்க யாரும் இறால் போடவில்லை. அப்படியும் அந்த நிமிடத்துச் சலனம் நிங்காலூவிலும் இருக்கிறது. நெருங்கினால் அங்கேயும் அது விலகத்தான் செய்கிறது.

“நான் பத்து நிமிடம்தானே இருந்தேன்”

உங்களுக்குப் பத்து நிமிடம். உங்களுக்கு முன்னால் ஒரு படகு, அதற்கு முன்னால் ஒன்று, இப்போது அடிவானத்தில் இன்னும் இரண்டு. டான்சோலில் ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஆறு பேர், பத்து நிமிடம் என்று விதி வைத்ததும், ஸ்கூபா (காற்று உருளையோடு மூழ்குவது) கூடாது, ஸ்நார்கல் (மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்ப்பது) மட்டும்தான் என்றதும் இதை நினைத்துத்தான். ஆனால் கூட்டம் மிகுந்த நாளில் விதிப்படியே அடுத்தடுத்து வந்தாலும் சுறாவுக்கு இடைவேளை கிடைப்பதில்லை.

அது மேலே நிற்கிற நேரம் சும்மா இருக்கிற நேரமும் இல்லை. இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். பெயரில் திமிங்கலம் இருப்பதால், மூச்சு வாங்க மேலே வருகிறது என்று சில கைடுகளே சொல்கிறார்கள். அது மீன், செவுளால் சுவாசிக்கிறது. மேலே வருவது இரை தின்ன. இன்னொரு காரணமும் உண்டு. 1,900 மீட்டருக்கும் கீழே இறங்கிய திமிங்கலச் சுறாக்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆழத்தில் குளிர் அதிகம். மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் கருவி பொருத்திப் பார்த்தபோது, குளிர்ந்த நீரில் ஆழம் போய்வந்தவை மேற்பரப்பில் நெடுநேரம் நின்று உடம்பைச் சூடாக்கிக்கொள்வது தெரிந்தது. ஓணான் மதில்மேல் வெயில் காய்கிற மாதிரிதான். அந்த நேரத்தில் நாம் சுற்றிவளைத்து அதைக் கீழே அனுப்பினால் பாதிச் சூட்டோடு போகிறது. எனவே அது இறங்க ஆரம்பித்தால் பின்தொடர்ந்து மூழ்காதீர்கள்.

தூரமும் கேமராவும்

நிங்காலூவில் தலைக்கும் உடம்புக்கும் 3 மீட்டர், வாலுக்கு 4 மீட்டர். டான்சோலிலும் ஏறக்குறைய இதே கணக்கு. மூன்று மீட்டர் என்றால் ஒரு ஆட்டோவின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். வாலுக்கு ஏன் கூடுதல் என்றால், அது அகலமாக வீசும். எல்லோரும் தலையையே பார்த்துக்கொண்டு வால் பக்கம் போய் அடி வாங்குவது வாடிக்கை. நீர் காரணமாகப் பொருள்கள் கால் பங்கு கிட்டத்தில் தெரியும், ஆகவே கண்ணுக்கு மூன்று மீட்டர் என்று பட்டால் உண்மையில் நான்கு. இது நமக்குச் சாதகமான ஏமாற்றம்.

காரியத்தைக் கெடுப்பது கேமரா. கோப்ரோ மாதிரி அகலக் கோணக் கேமராவின் திரையில் ஆறு மீட்டர் சுறாவும் சாளை மீன்போலச் சிறுத்துத் தெரியும். “இன்னும் கொஞ்சம் கிட்டே போவோம்” என்று போய்க்கொண்டே இருப்போம். செல்ஃபி ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அதன் நுனி சுறாவின் முகத்துக்கு அருகில் இருப்பதையே உணர்வதில்லை. முதல் இரண்டு நிமிடம் கேமராவைத் தொடாமல் வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறம் தூரம் தானாகப் பிடிபடும். முன்னாலும் போகாமல், அடியிலும் போகாமல், மார்புத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் இணையாக நீந்துங்கள். அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லையா, விட்டுவிடுங்கள்.

நீச்சல் சரியாக வராதவர்கள் லைஃப் ஜாக்கெட் போட வெட்கப்பட வேண்டாம். மெக்சிகோவின் முஹேரஸ் தீவுப் பக்கம் ஒரு நேரத்தில் இரண்டு பேரும் ஒரு கைடும் மட்டுமே இறங்கலாம், அதுவும் லைஃப் ஜாக்கெட்டோ வெட்சூட்டோ (உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை) இல்லாமல் முடியாது. பயத்தில் கைகால் அடிப்பவர் ஒருவர் போதும், சுறா விலகிவிடும். படகிலிருந்தே பார்ப்பதும் பார்ப்பதுதான். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

படகை மறந்துவிடுகிறோம்

தொடாதே, நெருங்காதே என்பதெல்லாம் நீந்துகிறவருக்கு. ஆனால் தழும்பு போடுவது விரலில்லை, எஞ்சின் விசிறி. தெற்கு ஆரியில் பெரும்பாலும் வளர்ந்துகொண்டிருக்கிற ஆண் சுறாக்கள்தான், ஆண்டு முழுக்க இருக்கும். 1995இலேயே மாலத்தீவு இதைப் பிடிக்கத் தடை போட்டது, 2009இல் அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடலாகவும் அறிவித்தது. இருந்தும் முதுகில் வரிவரியாக வெட்டுக்காயத்தோடும், துடுப்பின் ஒரு பகுதி இல்லாமலும் திரிகிறவற்றை அங்கே பார்க்கலாம். ஒரு சுறா தென்பட்டதும் ஆறேழு படகுகள் முழு வேகத்தில் அதே இடத்துக்குப் பாய்வதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேரை இறக்குவீர்கள்? ஏற்கனவே வேறு படகு நின்றால் என்ன செய்வீர்கள்? கைடு எங்களோடு தண்ணீரில் இறங்குவாரா? “பார்க்க முடியாவிட்டால் இன்னொரு நாள் இலவசமாகக் கூட்டிப் போகிறோம்” என்றால் நல்லது. “நூறு சதவீதம் காட்டுகிறோம்” என்றால் யோசியுங்கள். காட்டு மீனுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தீனி போட்டாலொழிய.

பெரிய கப்பல்கள் இதைவிட மோசம் என்பதும் உண்மைதான். திமிங்கலச் சுறாக்கள் உலவும் பரப்பில் 92 சதவீதம் பெருங்கப்பல்களின் போக்குவரத்தோடு ஒன்றுகலக்கிறது என்று 2022இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் லாரி மோதுகிறது என்பதற்காக நாம் பைக்கைக் கண்டபடி ஓட்டுவதா? 2016 முதல் திமிங்கலச் சுறா அழியும் ஆபத்தில் உள்ள இனம், இனப்பெருக்க வயதுக்கு வரவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

நம் கரையிலும் இது உண்டு, அம்மணி உழுவை என்பார்கள். 2001 முதல் இந்தியச் சட்டப்படி புலிக்கு இணையான பாதுகாப்பு. வலையில் மாட்டியதன் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதைத் தமாஷ் என்று யாராவது பகிர்ந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாகப் படத்தைப் பற்றி. ஒவ்வொரு சுறாவின் புள்ளி அமைப்பும் கைரேகைபோலத் தனி. நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட வானியலாளர்கள் வைத்திருந்த கணக்குமுறையை மாற்றியமைத்து, புள்ளிகளை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். மாலத்தீவில் திமிங்கலச் சுறா ஆய்வுத் திட்டத்தினர் பயணிகளின் படங்களையும் வாங்கிக்கொள்கிறார்கள். வேண்டியது இடப்பக்கம், கடைசிச் செவுளுக்குப் பின்னால் உள்ள பகுதி. மூன்று மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நீந்தினால் தெளிவாகக் கிடைக்கும்.

ஊருக்கு வந்த பிறகு இதைப் படித்துவிட்டு என் படத்தை எடுத்துப் பார்த்தேன். முதுகு மட்டும் பளிச்சென்று இருந்தது. செவுள் தெரியவில்லை, பக்கவாட்டுப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அன்று நான் விரட்டியது எந்தச் சுறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.