கறுப்பின இசை, சினிமா காலவரிசை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு பிப்ரவரியும் இது நடக்கும். அமெரிக்காவில் அது கறுப்பின வரலாற்று மாதம். பாட்காஸ்ட் செய்கிறவர்கள், ரீல்ஸ் போடுகிறவர்கள், திரைப்படச் சங்கத்துக்குக் கையேடு தயாரிக்கிற பிள்ளைகள் என்று யாராவது ஜாஸ், ஹிப் ஹாப், கறுப்பின சினிமா மூன்றையும் சேர்த்து ஒரு காலவரிசை எழுதி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று அனுப்புவார்கள். ஆசையாகத்தான் திறப்பேன். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் வருவதே பெரிய சந்தோஷம். ஆனால் இரண்டாவது பத்திக்குள்ளேயே, எழுத ஆரம்பித்த காலத்தில் நான் எழுதிய அதே வரிகள், அதே பிழைகளோடு கண்ணில் படும்.

பெயர் உச்சரிப்பு, எந்தப் பாட்டு எந்த ஆல்பம் என்பதெல்லாம் ஒரு நிமிடம் தேடினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தேடித் தேடி எழுதுகிறவர்களும் மாட்டிக்கொள்கிற தவறுகள்தான் இங்கே.

ரெக்கார்டு வந்த தேதியைப் பிறந்த தேதி ஆக்குவது

மற்ற எதையும் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது. ஒரு கண்காட்சிக்குத் தயாரான பலகைகளை அச்சடித்து மாட்டிய பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முதல் பலகையில் "1917: ஜாஸ் பிறந்தது", அதன் கீழே ஐந்து இசைக் கலைஞர்களின் படம். ஐந்து பேரும் வெள்ளையர்கள். கறுப்பின இசையின் வரலாறு என்று பெயர் வைத்த கண்காட்சியின் வாசலில் அந்தப் படம் நின்றது. நாலைந்து பலகை தள்ளி "1979: ஹிப் ஹாப் பிறந்தது". கேட்டால், எல்லா இடத்திலும் இந்த ஆண்டுகள்தான் இருக்கின்றன என்றார்கள். இருக்கின்றனதான். அந்த ஆண்டுகள் பொய்யும் இல்லை. அவை எதன் ஆண்டுகள் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் வாசித்த 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்'தான் விற்பனைக்கு வந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு. அந்தக் குழு நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர் குழு. அதன் தலைவர் நிக் லரோக்கா பிற்காலத்தில், ஜாஸைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான், கறுப்பர்களுக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். "1917: ஜாஸ் பிறந்தது" என்று எழுதும்போது, அந்த ஆளின் வாதத்துக்கு உங்களை அறியாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள்.

அதே நியூ ஆர்லியன்ஸில் பட்டி போல்டன் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊது வாத்தியம்) வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். 1907இல் மனநலம் குன்றி லூசியானாவின் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார், 1931இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட இன்று கேட்கக் கிடைக்காது. ஆனால் அடுத்த தலைமுறையில் வாசித்த ஆட்கள் எல்லாரும் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் குழு ஒன்று ஜாஸ் இசைத்தட்டு பதிவு செய்வது 1922இல், கிட் ஓரியின் குழு, அதுவும் லாஸ் ஏஞ்சல்ஸில். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இண்டியானாவின் ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில், ஜென்னெட் கம்பெனியின் ஸ்டுடியோவில் கிங் ஆலிவரின் குழு பதிவு செய்கிறது. இரண்டாவது கார்னெட்டில் இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

ஏன் இவ்வளவு தாமதம்? ஸ்டுடியோ யார் கையில் இருந்தது என்பதுதான் காரணம். கறுப்பர்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்றே கம்பெனிகள் நம்பவில்லை. 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் ஓக்கே கம்பெனிக்குப் பாடிய 'க்ரேஸி ப்ளூஸ்' அந்த எண்ணத்தை உடைத்தது. அதற்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவர் அந்தப் பாட்டை எழுதிய பெர்ரி பிராட்ஃபோர்ட். தட்டு விற்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை போட்டுக் கறுப்பினக் கலைஞர்களைத் தேடிப் போனார்கள். அதாவது 1917க்கும் 1922க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி இசையைப் பற்றியது இல்லை, வியாபாரத்தைப் பற்றியது. உங்கள் காலவரிசை அந்த இடைவெளியைச் சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்லப்போகிறது?

ஹிப் ஹாப்பிலும் இதே கதை அப்படியே நடந்தது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் ஒரு பார்ட்டி வைக்கிறார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். தட்டு சுழற்றியது ஜமைக்காவில் பிறந்த அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஆட வந்தவர்கள் பாட்டின் நடுவில் தாளம் மட்டும் வரும் இடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்து, அந்தத் துண்டுகளையே நீட்டி வாசித்தவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து ஒன்று முடியும்போது மற்றதைத் தொடங்கி அதே துண்டை ஓட்டிக்கொண்டே இருப்பது அவருடைய உத்தி. இந்த இசை பிறகு ஆறு வருடம் பார்ட்டிகளிலும் பூங்காக்களிலும் கைமாறிய கேசட்டுகளிலும்தான் வாழ்ந்தது. அதைத் தட்டில் போட்டு விற்க முடியும் என்று அங்கே இருந்தவர்களில் பலர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' வந்தது. பாடிய சுகர்ஹில் கேங், பிராங்க்ஸ் மேடைகளில் வளர்ந்த குழு இல்லை. நியூஜெர்சியில் சில்வியா ராபின்சன் ஒரு தட்டுக்காகச் சேர்த்த மூன்று பேர். அதுகூட முதல் ராப் தட்டு இல்லை, ஃபேட்பேக் பேண்டின் 'கிங் டிம் தேர்ட்' அதே ஆண்டில் சற்று முன்பே வந்துவிட்டது. என் எரிச்சலுக்குக் காரணம் அது இல்லை. மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க் பாடிய வரிகள் பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதியவை. ஹேங்க் அந்த வரிகளை மாற்றக்கூட இல்லை. கேஸின் மேடைப் பெயரான காஸனோவா என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்கிற இடத்தையும் அப்படியே தன் வாயால் சொல்லியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஒலிக்கிற பாட்டில் தன் பெயரே இருக்கிறது, எழுதியவர் பட்டியலில் கேஸ் இல்லை, அந்த வெற்றியின் பணமும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. "1979: ஹிப் ஹாப் பிறந்தது" என்கிற ஒரு வரி இந்த அநியாயம் முழுவதையும் மூடிவிடும்.

சினிமாவில் பிரச்சினை வேறு ரூபத்தில் வரும். அங்கே படம் எடுத்தார்கள், வெளியிட்டார்கள், பிரதிதான் மிஞ்சவில்லை. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் முதல் படம் 'தி ஹோம்ஸ்டெடர்' 1919இல் வந்தது, ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' பல பத்தாண்டுகள் தொலைந்துபோய், ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் கண்டெடுக்கப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தால் 1993இல் சீரமைக்கப்பட்டது. கறுப்பின இயக்குநர் ஒருவரின் முழுநீளப் படங்களில் இன்று கிடைப்பவற்றில் பழையது அதுதான். 'கிடைப்பவற்றில்' என்ற சொல்லை விட்டுவிட்டு "முதல் கறுப்பினப் படம்" என்று எழுதுவதை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். மிஷோவுக்கும் முன்னால், 1916இலேயே, நோபல் ஜான்சனும் ஜார்ஜ் ஜான்சனும் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி தொடங்கிப் படம் எடுத்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு மைல்கல்லுக்கும் எப்போது நிகழ்ந்தது, எப்போது பதிவானது, எப்போது விற்பனைக்கோ திரைக்கோ வந்தது என்று மூன்று கட்டம் போடுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், பக்கத்துக் கட்டத்து ஆண்டை இழுத்து நிரப்பாதீர்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கே ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்கர் ஆண்டு

படம் வந்தது ஓர் ஆண்டு, விழா அடுத்த ஆண்டு. ஆஸ்கர் வாங்கிய கறுப்பின நடிகர்களில், ஹாட்டி மெக்டேனியலுக்குப் படம் 1939, விழா 1940. சிட்னி பாய்ட்டியேவுக்குப் படம் 1963, விழா 1964. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

'முதல்' என்று எழுதி, எதில் முதல் என்று சொல்லாமல் விடுவது

1969இல் 'தி லேர்னிங் ட்ரீ' எடுத்த கார்டன் பார்க்ஸ், பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றுக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பினத்தவர். அந்த 'பெரிய ஸ்டுடியோ' காணாமல் போனால், அவருக்கு ஐம்பது வருடம் முன்பே படம் எடுத்த மிஷோவும் சேர்ந்து காணாமல் போய்விடுவார்.

ஜூலி டாஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' (1991), ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கி அமெரிக்கத் தியேட்டர்களில் பரவலாக வெளியான முதல் முழுநீளப் படம். கேத்லீன் காலின்ஸ் 1982இலேயே 'லூசிங் கிரவுண்ட்' எடுத்து முடித்துவிட்டார், முறையான தியேட்டர் வெளியீடுதான் கிடைக்கவில்லை. 1988இல் அவர் இறந்துபோனார். அந்தப் படம் சீரமைக்கப்பட்டுத் தியேட்டருக்கு வந்தது 2015இல். டாஷைக் கொண்டாடும்போது காலின்ஸையும் அதே பத்தியில் கொண்டுவாருங்கள். இரண்டு பேருக்கும் அதுதான் மரியாதை.

புலிட்சர் பரிசிலும் இதே குழப்பம் வரும். 1997இல் வின்டன் மார்சலிஸ் வாங்கியதை "இசைக்கான புலிட்சர் பெற்ற முதல் கறுப்பினத்தவர்" என்று எழுதுகிறார்கள். அது 1996லேயே ஜார்ஜ் வாக்கருக்குக் கிடைத்துவிட்டது. மார்சலிஸுடையது ஜாஸ் படைப்புக்குக் கிடைத்த முதல் பரிசு. அதையும் முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் 1965க்குப் போக வேண்டும்: ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரலாம் என்று நடுவர்கள் பரிந்துரைத்தார்கள், வாரியம் மறுத்தது. 1999இல், அவருடைய நூற்றாண்டில், இறந்து கால் நூற்றாண்டு ஆனபின் கொடுத்தார்கள். 2018இல் ராப் கலைஞர் கெண்ட்ரிக் லாமர் வாங்கியபோது ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பது இந்த வரிசையைப் பார்த்தால்தான் புரியும்.

ஆம்ஸ்ட்ராங்கின் பிறந்தநாள்

1900 ஜூலை 4 என்று அவரே சொல்லிவந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பது 1901 ஆகஸ்ட் 4. இரண்டாவதை எழுதுங்கள்.

அட்டையில் இருப்பதை அப்படியே நம்புவது

'தி மெசேஜ்' (1982) என்ற ராப் பாட்டின் தட்டில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ் என்று இருக்கிறது. பாட்டில் ஃப்ளாஷ் இல்லவே இல்லை. குரல்கள் மெலி மெல், டியூக் பூட்டி இருவருடையவை. எழுத்தில் பெரும்பகுதி பூட்டியுடையது, அவர் அந்தக் குழுவிலேயே இல்லாதவர். ஃப்ளாஷின் பெருமையைச் சொல்ல அவர் டர்ன்டேபிளில் செய்த வேலை போதும், அடுத்தவர் வரிகளை அவர் கணக்கில் எழுத வேண்டாம்.

பழைய பிரதி என்பதாலேயே அது அசல் என்றும் நினைக்க வேண்டாம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959 மார்ச், ஏப்ரலில் பதிவானது. மார்ச் மாதம் ஓடிய டேப் இயந்திரம் சரியான வேகத்தில் இல்லாததால், தட்டின் முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் சுருதி சற்று ஏறியே வெளிவந்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அது சரிசெய்யப்பட்டது. பழைய எல்பியைப் போட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறவர்கள், தங்கள் வாத்தியம்தான் சுருதி இறங்கிவிட்டது என்று நினைத்துத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களை மனைவி, தங்கை என்று ஒதுக்குவது

சிண்டி கேம்ப்பெல் இல்லாமல் அந்தப் பார்ட்டியே கிடையாது. லில் ஹார்டின் கிங் ஆலிவர் குழுவிலும் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுப் பதிவுகளிலும் பியானோ வாசித்தவர், ஆனால் காலவரிசைகளில் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியாக மட்டும் வந்து போவார். ஆலிஸ் கோல்ட்ரேனுக்கும் இதே கதிதான், "ஜான் கோல்ட்ரேனின் மனைவி" என்று ஒரு வரி. டெட்ராய்ட்டில் வளர்ந்த பியானோ கலைஞர், ஜாஸுக்குள் ஹார்ப்பைத் தன் வழியில் கொண்டுவந்தவர். 1971இல் அவர் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வின் பெயரில் இருக்கும் குரு, கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969 உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியதும் அவர்தான். தமிழில் எழுதுகிறவர்களே இதைத் தாண்டிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

திரைக்கு வராத படத்தைச் சின்னப் படம் என்று நினைப்பது

சார்லஸ் பர்னட் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில், பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து 1977இல் முடித்த படம் 'கில்லர் ஆஃப் ஷீப்'. 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் பொதுமக்கள் தியேட்டரில் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் டைனா வாஷிங்டன், ஆம்ஸ்ட்ராங் என்று படம் முழுக்க ஓடும் பாட்டுகளுக்கு உரிமை வாங்கப் பணம் இல்லை. அந்த உரிமைகளுக்கு மட்டும் 1,50,000 டாலர் கொடுத்த பிறகு 2007இல் வெளியானது. அதனால் இந்தப் படத்துக்கு 1977 என்று மட்டும் போட்டாலும் பிழை, 2007 என்று மட்டும் போட்டாலும் பிழை. இரண்டையும் போட்டு, நடுவில் போன முப்பது வருடத்துக்கான காரணத்தையும் எழுதுங்கள்.