பெட்டி ராட்டையில் நூல் நூற்க: கதிர் முனையில்தான் விஷயம்

சித்தப்பா மதுரையிலிருந்து கொண்டுவந்த பெட்டி ராட்டை மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு வருடம் கிடந்தது. எரவாடா ராட்டை என்றும் சொல்வார்கள். காந்தி புனேயின் எரவாடா சிறையில் இருந்தபோது உருவான வடிவம். 1954லேயே காந்தி பெயரில் கலாசாலை திறந்த ஊர் இது. இங்கே ராட்டை சும்மா கிடப்பது மனதை உறுத்த, எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் கயிற்றை, ராட்டையோடு வரும் படத்தைப் பார்த்தே மாட்டிவிடலாம். கதிரில், அதாவது சக்கரம் சுற்றும்போது கூடவே சுழலும் கூர்முனைக் கம்பியில், ஒரு முழம் பருத்தி நூலைக் கட்டி, முனைவரை சுற்றி வாருங்கள். அதன் நுனியைப் பஞ்சுத் திரியின் மேல் இரண்டு விரற்கடை படியவைத்து, வலக்கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றினால் பஞ்சு நூலைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மூன்று வாரம் வராத இடம் இதுதான். இழுத்தால் நூல் அறுந்தது, இல்லையென்றால் முறுக்கே ஏறாமல் கதிரில் போய்ச் சுற்றிக்கொண்டது. பஞ்சு மோசம் என்று நினைத்து வேறு பஞ்சும் வாங்கினேன். தவறு கை நிற்கும் இடத்தில் இருந்தது. கதிருக்கு நேர்குறுக்காக நூலைப் பிடித்தால் அது சுற்றத்தான் செய்யும். முறுக்கு ஏற வேண்டுமானால் இடக்கை கதிர் முனைக்கு முன்பக்கம் சாய்ந்து வர வேண்டும். அப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் முனையிலிருந்து வழுக்கி விழும். டிக், டிக் என்று விரலில் தட்டுவது தெரியும். அந்தத் துடிப்பு இருக்கும்வரை கையைப் பின்னால் இழுங்கள். திரியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் போதும்.

ஒரு கை நீளம் வந்ததும் இழுப்பதை நிறுத்தி, இன்னும் சில சுற்று விடுங்கள். நூலைத் தளர்த்தினால் தானாகச் சுருண்டுகொள்ள வேண்டும். சரி, இப்போது சக்கரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றி முனையில் உள்ள சுருளை அவிழ்த்து, கையை நேர்குறுக்காகக் கொண்டுவந்து சுற்றிவிடுங்கள்.

பராமரிப்புக்குத் தையல் மிஷின் எண்ணெய்தான் என் தேர்வு. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகி, தூசி பிடித்து, கதிர் சிக்கும். கதிர் உட்காரும் இடத்தில் ஒரு சொட்டு போதும். கயிற்றில் பட்டால் வழுக்கும். நம்ம ஊர் மதிய மழையில் கதிர் சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தக் கறை நூலில் ஏறிவிடும். அதனால் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். பருத்திக் கயிறு ஈரத்தில் இறுகும், வெயிலில் தளரும். உட்காரும்போதெல்லாம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது: கயிறு முடிச்சு வரும்போதெல்லாம் ராட்டை துள்ளுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். முடிச்சே போடாதீர்கள். இரு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஊசியால் தைத்து இணையுங்கள்.

இன்னொருவர் தோட்டத்து இலவம் பஞ்சில் நூற்கலாமா என்று கேட்டார். அதன் இழை குட்டையானது, வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது. அதைத் தலையணைக்கே வைத்துக்கொள்ளுங்கள், நூற்கப் பருத்திதான்.