வேலையை விட முன்னம் பில்லைக் கொடுங்கள்

தனியார் கம்பெனி வேலையை விடுவதென்றால், கடிதம் கொடுக்க முன்னமே உங்கள் மருத்துவக் காப்புறுதி எந்தத் திகதியோடு முடிகிறது என்று கேளுங்கள். கண்ணாடி, பல், இரத்தப் பரிசோதனை என்று அதில் அடங்குவதை அதற்குள் செய்து, வைத்தியரின் துண்டையும் அசல் பில்லையும் ஒன்றாகப் பின் அடித்துக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி தன் ஊழியர்களுக்குச் சேர்த்து எடுக்கும் இந்தக் குழுக் காப்புறுதி வேலையோடு ஒட்டியது. மிச்சத் தொகை உங்களோடு வராது. புது இடத்தில் தகுதிகாண் காலம் முடியும்வரை காப்புறுதி தொடங்காமலும் இருக்கலாம்.

சீனி, பிரஷர் மருந்து எடுப்பவர்கள் இடையில் நிறுத்தவே வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்கில் பதிந்து கொப்பி எடுங்கள், அரச வைத்தியசாலையில் இலவசம்தானே.

அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதி உள்ளவர்கள் இடமாற்றம் பெறும்போது இப்படி அவசரமாகப் பில் கொடுக்கத் தேவைப்படாது.