மரத்தரைக்கு முன் அடித்தளம்: என் அனுபவம்

மரத்தரை போட்டதில் பெரும்பாடு அடித்தளத்தோடுதான், அதாவது மரப்பலகைகளுக்குக் கீழே இருக்கும் ப்ளைவுட் பரப்போடுதான். அந்தப் பழைய ப்ளைவுட் மேல் நடந்தாலே கிறீச்சிட்டது. சத்தம் வந்த இடங்களில் கீழே உள்ள மரச்சட்டத்தைப் பிடிக்கும்படி ஸ்க்ரூ முடுக்கினேன், அடங்கியது. அப்புறம் நேரான நீளச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மேடு. 10 அடிக்கு 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. தேய்த்து இறக்கினேன்; தூசிதான் தாங்க முடியவில்லை.

பலகைகள் அறையின் ஈரப்பதத்துக்குப் பழகட்டும் என்று அதே அறையில் பிரித்து வைத்து, ஈரப்பதம் அளக்கும் மீட்டரால் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் காத்திரு என்று சொல்வதைவிட மீட்டர் சொல்வதே நம்பகம். 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலமென்றால் பலகைக்கும் அடித்தளத்துக்கும் ஈரப்பத வித்தியாசம் 4 சதவீதத்துக்குள், அதற்கு மேல் அகலமென்றால் 2-க்குள் இருக்க வேண்டும். சரி என்றானதும் ஆணியடித்தேன். ஈரக்காலத்தில் மரம் விரியும் என்பதால் சுவரோரம் முக்கால் அங்குலம் விட்டேன். அந்த இடைவெளியைச் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிட்டது.