வீட்டில் ஆட்டிசப் பயிற்சி: எங்கே சறுக்குகிறோம்?

தெரபி சென்டரில் சொன்னபடி உட்காரும் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி ஆட்டம் போடுகிறது என்று கேட்காத பெற்றோர் குறைவு. பெரும்பாலும் விஷயம் இதுதான்: அங்கே அழுதால் ஒன்றும் கிடைப்பதில்லை, இங்கே கிடைக்கிறது.

ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். போன் கேட்டுப் பிள்ளை கத்துகிறது. அம்மா மறுக்கிறார். சத்தம் கூடுகிறது, தட்டு பறக்கிறது. "பச்சப் புள்ளைய இப்படியா அழவிடுவ?" என்று பாட்டி போனை எடுத்து நீட்டுகிறார். வெறும் கத்தல் போதாது, தட்டை எறிந்தால்தான் வேலை நடக்கும் என்பது அன்றைய பாடம். கேட்டவுடன் கொடுப்பதைவிட, தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு உச்சத்தில் கொடுப்பது மோசம். கொடுப்பதாக இருந்தால் அழுகைக்கு முன்பே, விரல் நீட்டியோ படத்தைக் காட்டியோ கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். இல்லை என்றால் பாட்டி, தாத்தா உட்பட எல்லோருக்கும் இல்லைதான். அப்படி நிறுத்தும்போது முதலில் அழுகை முன்பைவிட அதிகமாகலாம். நிறையப் பேர் கைவிடுவது அந்த இடத்தில்தான். தலையை முட்டிக்கொள்வது, தன்னையே கடித்துக்கொள்வது போன்றவை இருந்தால் மட்டும் இதைத் தனியாக முயலாதீர்கள், தெரபிஸ்ட் கூட இருக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கத்தலும் போனுக்காக அல்ல. மிக்ஸி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை 'கண்டுகொள்ளாதே' என்று விடுவது பயிற்சி இல்லை, கொடுமை. கத்தலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள், காரணம் பிடிபடத் தொடங்கும். நேற்றுவரை இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

பேச்சுப் பயிற்சியில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு சறுக்கல் உண்டு. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "தண்ணி வேணுமா?" என்று தினமும் கேட்கிறோம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளை, தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்றே வந்து நிற்கிறது. அது சொல்ல வேண்டியதை அதன் வாயிலிருந்து வருவதுபோலவே சொல்லிக் கொடுங்கள்: "தண்ணி வேணும்." அப்புறம் ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். "சொல்லு, சொல்லு" என்று துரத்தினால் பதில் யோசிக்க இடமே இருக்காது. வேண்டியதைக் காட்டிக் கேட்கப் பட அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அட்டையால் பேச்சு தடைபடுவதில்லை, சில பிள்ளைகளுக்கு அது கூடவும் செய்கிறது.

டிரவுசர் போட்டுவிடுவதிலும் இப்படித்தான். முழுவதும் நாமே போட்டுவிட்டால் பிள்ளை சிலைபோல நிற்கப் பழகிவிடும். முழங்கால்வரை நீங்கள் ஏற்றுங்கள், கடைசி இழுப்பை அது இழுக்கட்டும். அது கைவந்ததும் கணுக்காலிலேயே விட்டுவிடுங்கள்.

வாரம் 40 மணி நேரம் பயிற்சி தர வேண்டும் என்ற கணக்கு பல அம்மாக்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அது அமெரிக்க உளவியலாளர் இவார் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அங்கே பாடம் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற மாணவர்கள், அம்மா ஒருத்தர் மட்டும் அல்ல. அதட்டலும் தொடையில் அடியும்கூட அந்த முறையில் இருந்தன, இன்று அவற்றை யாரும் பரிந்துரைப்பதில்லை. சமையல், குளியல், கடைக்குப் போவது இவற்றுக்கு நடுவே பத்து பத்து நிமிடமாகச் செய்வது வீட்டுக்குத் தாங்கும்.

கையை உதறுவதையும் கண்ணைப் பார்க்காததையும் 'சரிசெய்ய' நேரம் செலவழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். யாருக்கும் அடிபடாதவரை கை உதறட்டும். முகத்தைப் பிடித்துத் திருப்பி வலுக்கட்டாயமாகப் பார்க்க வைத்தது எவ்வளவு வேதனை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் டாய்லெட் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கலாம்.