வளர்ப்புப் பிள்ளையும் முஸ்லிம் குடும்பமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தத்து எடுப்பது ஹராம், அதனால் வளர்ப்புப் பிள்ளை என்ற பேச்சே வேண்டாம்." நல்ல மனம் படைத்தவர்களே இப்படிச் சொல்வதுண்டு. வீட்டில் இடம் இருக்கும், வசதி இருக்கும், பிள்ளைமேல் ஆசையும் இருக்கும். இந்த ஒரு பேச்சில் எல்லாம் நின்றுபோகும். முதல் தவறு இதுதான். பிள்ளையின் வம்சத்தை மறைத்து, நாம் பெற்றதாகக் காட்டுவதைத்தான் மார்க்கம் தடுக்கிறது. பெற்றவரிடம் இருக்க முடியாத பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பதை அது தடுக்கவே இல்லை. நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். 6 வயதில் தாயும் 8 வயதில் பாட்டனாரும் போனபின், பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில்தான் வளர்ந்தார்கள். யதீமை, அதாவது தந்தையை இழந்த பிள்ளையைப் பொறுப்பேற்பவரும் தாமும் சுவர்க்கத்தில் இப்படி இருப்போம் என்று சுட்டுவிரலையும் நடுவிரலையும் காட்டிய ஹதீஸ் புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவும் வளர்ப்புப் பராமரிப்பு, தத்து ஆகியவற்றோடு இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலாவையும் (வம்சத்தை மாற்றாமல் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பதை) பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

அடுத்து பெயர். பாசத்தில் பிள்ளையின் தகப்பன் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். நபியவர்கள் வளர்த்த ஸைதை மக்கள் 'முஹம்மதின் மகன் ஸைத்' என்றுதான் அழைத்துவந்தார்கள். குர்ஆனின் 33:5 வசனம் இறங்கியபின் அவர் மறுபடி ஸைத் இப்னு ஹாரிஸா (ஹாரிஸாவின் மகன் ஸைத்) ஆனார். தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளைகளைக்கூட அந்த வசனம் வெறுங்கையோடு விடவில்லை. அவர்கள், மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்கிறது. ஆகவே பிள்ளையிடம் அதன் பிறப்பை மறைக்கவும் கூடாது. சின்ன வயதிலிருந்தே, அதற்குப் புரிகிற அளவில், சொல்லிச் சொல்லி வளர்க்க வேண்டும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது சொந்தக்காரர் யாரோ போட்டு உடைக்கிற செய்தியாக அது ஆகிவிடக் கூடாது.

அதிகமாகக் காயப்படுத்துவது மஹ்ரம் விஷயத்தில் நடக்கும் தவறு. மஹ்ரம் என்றால் மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவு. வளர்ப்பதால் மட்டும் பிள்ளை மஹ்ரம் ஆகிவிடாது என்பதால், பருவம் வந்தபின் இடைவெளி ஒழுங்கு உண்டு. பத்து வயது வரை உம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்த பையனுக்குப் பருவம் வந்ததும், ஒரு விளக்கமும் இல்லாமல், "இனி இங்கே வராதே" என்று கதவு மூடப்படுகிறது. பெண்பிள்ளைக்கு வாப்பாவின் பேச்சே குறைந்துபோகிறது. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்து வந்த பிள்ளைக்கு இது இரண்டாவது இழப்பு. தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாகவே அது நினைக்கும்.

இந்த இடத்தில் 2:220 வசனம் இறங்கிய பின்னணியை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். யதீமின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கையைக் கேட்டு நடுங்கிய தோழர்கள், தங்கள் பொறுப்பில் இருந்த பிள்ளைகளின் சாப்பாட்டையும் தண்ணீரையும் தனியாகப் பிரித்துவிட்டார்கள். பிள்ளை சாப்பிட்டு மிஞ்சியதை யாரும் தொடவில்லை. மறுபடி அந்தப் பிள்ளையே சாப்பிடும்வரை, இல்லையென்றால் கெட்டுப்போகும்வரை, அது அப்படியே கிடந்தது. அவர்கள் இதை நபியவர்களிடம் முறையிட்டபோது, நீங்கள் அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே என்று வசனம் வந்தது. இறையச்சத்தால் செய்தாலும் பிள்ளையை ஒதுக்கிவைப்பது தீர்வல்ல என்று அன்றே சொல்லியாகிவிட்டது.

எனவே மஹ்ரம் ஒழுங்கை முதல் நாளிலிருந்தே வீட்டின் பழக்கமாக வையுங்கள். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுவது, தனித்தனிப் படுக்கை, வீட்டுக்குள்ளும் கண்ணியமான உடை: இவை பெற்ற பிள்ளைக்கும் வளர்ப்புப் பிள்ளைக்கும் பொதுவாக இருந்தால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்காக வளர்ப்புக் குடும்பங்களிடம் எதிர்பார்க்கப்படுவதும் பெரும்பாலும் இவைதான். ஏன் இந்த ஒழுங்கு என்று பருவத்துக்கு ஓரிரு ஆண்டு முன்பே பேசத் தொடங்குங்கள். அணைப்பு குறையும் வயதில் பேச்சும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும் அதிகமாக வேண்டும்.

கைக்குழந்தை என்றால், மஹ்ரம் ஆக்கிக்கொள்ளப் பால்குடி உறவு ஒரு வழி. ஆண் குழந்தைக்கு வளர்ப்புத் தாயோ அவளுடைய சகோதரியோ பால் கொடுத்தால் வளர்ப்புத் தாய் அவனுக்குத் தாயோ சின்னம்மாவோ ஆகிறாள். பெண் குழந்தைக்கு வளர்ப்புத் தந்தையின் சகோதரி கொடுத்தால் வளர்ப்புத் தந்தை அவளுக்கு மாமா ஆகிறார். பெரும்பாலான அறிஞர்கள் கணக்கில் இது முதல் 2 ஆண்டுக்குள் நடக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) 5 முறை கொடுக்க வேண்டும். ஹனஃபியில் ஒரு முறையே போதும். ஆனால் தற்காலிகமாக வந்த குழந்தைக்கு, பெற்றோரின் சம்மதமும் பொறுப்பான அலுவலரின் அனுமதியும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. சட்டப்படி அது உங்கள் பிள்ளை அல்ல.

வேறு மதத்துப் பிள்ளை வந்தால் இன்னும் கவனம் தேவை. கலிமா சொல்லிக் கொடுப்பது, பெயரை மாற்றுவது, சுன்னத் செய்துவிடுவது எல்லாம் பெரிய அத்துமீறல். சுன்னத் திரும்பப் பெற முடியாத ஒன்று. மார்க்கத்தில் நிர்பந்தம் இல்லை என்பது 2:256. அந்தப் பிள்ளையின் வழிபாட்டுக்கும் பண்டிகைக்கும் உங்களால் எவ்வளவு இடம் கொடுக்க முடியும் என்பதைப் பொறுப்பேற்கும் முன்பே அலுவலரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முஸ்லிம் பிள்ளையே வந்தாலும், அதன் வீட்டில் வேறு மத்ஹபும் வேறு மொழியும் வேறு பழக்கமும் இருந்திருக்கலாம். வந்த வாரமே சுபுஹு (அதிகாலை) தொழுகைக்கு எழுப்பி, ஓதத் தெரியவில்லை என்று கண்டிக்காதீர்கள். முதலில் அது பயமில்லாமல் தூங்கட்டும். தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்துவைத்தால் திருட்டு என்று பேசாதீர்கள். பசியைப் பார்த்த பிள்ளை அப்படித்தான் செய்யும்.

ஜமாஅத்தும் தன் பங்குக்குத் தவறு செய்கிறது. "இது எத்தீம் பிள்ளை" என்று எல்லார் முன்னாலும் தலையைத் தடவுகிறார்கள். மார்க்கத்தில் யதீம் என்றால் பருவம் அடையுமுன் தந்தையை இழந்த பிள்ளை. வளர்ப்புக்கு வரும் பல பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்கள். நோயோ போதையோ சிறையோ வன்முறையோ பிரித்திருக்கிறது. இருக்கிற தகப்பனை இல்லாமல் ஆக்குகிறது அந்தப் பேச்சு. பிள்ளையின் கதை பிள்ளைக்குச் சொந்தம். யார் கேட்டாலும், "நம்ம வீட்டுப் பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்காக வரும் உதவித்தொகைக்குக் கணக்கு எழுதிவையுங்கள். வசதியுள்ள பொறுப்பாளர் யதீமின் பொருளைத் தொடாமல் இருக்கட்டும், ஏழை நியாயமான அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்ற 4:6 வசனத்தின் அளவுகோல் இதற்கும் பொருந்தும். வளர்ப்புப் பிள்ளை வாரிசு ஆகாது என்பதைக் கேட்டதும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் (உயில்) எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். நாள் கடத்தாமல், சாட்சிகளோடு, நாட்டின் சட்டப்படி எழுதிவையுங்கள். வாயால் மட்டும் சொன்னதை மௌத்துக்குப் பிறகு நிரூபிப்பது கடினம்.

கடைசியாக, பெற்றவர்களைப் பற்றி. பிள்ளையின் காதுபட அவர்களைக் குறை சொல்வதும், சந்திப்பு நாளில் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பதும் பாசத்தின் பெயரால் நடக்கின்றன. ஸைதை மீட்டுச் செல்ல அவருடைய தந்தையும் சிறிய தந்தையும் மக்காவுக்கு வந்தபோது நபியவர்கள் மறைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஸைதையே கூப்பிட்டு, போவதும் இருப்பதும் உன் விருப்பம் என்றார்கள். அவர் இருந்துவிட்டார் என்பது அவருடைய முடிவு. உங்கள் வீட்டுப் பிள்ளை திரும்பிப் போகலாம். அந்த நாள் வந்தால் அதன் புகைப்படங்கள், பள்ளிக்கூடப் புத்தகங்கள், பிடித்த போர்வை எல்லாவற்றையும் ஒரு நல்ல பெட்டியில் வைத்து அனுப்புங்கள். எப்போது பேசலாம் என்பதைப் பெற்றவர்களிடம் கேட்டு, பிள்ளைக்குத் தெரியும்படி எழுதிக் கொடுங்கள்.