அரிசி இருந்தால் போதுமா? உணவுக் கொள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சாப்பாட்டுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல், கொட்டியாரக் குடாவில் மீன், கிண்ணியாத் தயிர், நிலாவெளி வெங்காயம். இருந்தும் இதே மாவட்டத்துக் கிளினிக்குகளில் வயதுக்கேற்ற நிறை இல்லாத பிள்ளைகளைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் மாதாமாதம் நிறுத்துப் பதிகிறார்கள். 2016 ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும், 15 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமலும் இருந்தார்கள். நாடு பொருளாதார நெருக்கடியில் விழுவதற்குப் பல வருடம் முந்திய கணக்கு இது.

அரிசி விளைந்தால் உணவுப் பிரச்சினை தீர்ந்தது என்று கொள்கை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1996 இல் ரோமில் நடந்த உலக உணவு உச்சிமாநாட்டிலிருந்து உணவுப் பாதுகாப்பை நான்காகப் பிரித்துப் பேசுகிறார்கள்: உணவு இருக்க வேண்டும், அது வீட்டுக்கு எட்ட வேண்டும், உடம்பில் சேர வேண்டும், வருடம் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். நம்முடைய கவனம் முதலாவதிலேயே நின்றுவிடுகிறது. உரம், உத்தரவாத விலை, குளத்து நீர் எல்லாம் தேவைதான். ஆனால் கோப்பை நிறையச் சோறும் கொஞ்சம் சொதியும் சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறையுமே தவிர உடம்பு தேறாது. மீன், முட்டை, பயறு, கீரை கூடவே வர வேண்டும். இன்னொன்றையும் மறக்கிறோம். சீனக்குடாவில் 1980 முதல் பெரிய மா ஆலை ஒன்று ஓடுகிறது. அதில் அரைபடும் கோதுமை முழுக்கக் கப்பலில் வருவது. பல வீடுகளின் காலைப் பாண் டொலரை நம்பித்தான் இருக்கிறது. நெல்லை மட்டும் கணக்குப் பார்த்தால் இது கண்ணில் படாது.

அடுத்தது, வருடச் சராசரியை நம்புவது. எங்கள் கரையைப் பொறுத்தவரை இதுதான் அதிகம் பேச வேண்டிய விடயம். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று கிளம்பினால் கடல் கொந்தளிக்கும். சின்னப் படகுகள் கரையில் கிடக்கும், கரைவலையும் ஓய்ந்துவிடும். அதே நேரம் பெரும்போக நெல் பச்சையாக வயலில் நிற்கும். அறுவடை மாசி, பங்குனியில்தான். மழையில் கூலி வேலையும் குறைவு. கடற்றொழில் செய்யும் வீடும் வயற்கூலி வீடும் ஒன்றாகக் காய்கிற மாதங்கள் இவை. நகை அடகுக்குப் போகும், கடைக் கொப்பியில் கடன் ஏறும். அப்போது முதலில் நிற்பது சோறல்ல; மீனும் முட்டையும் பால்மாவும்தான். மேற்குக் கரையில் பருவம் நேர்மாறு. ஆகவே கொழும்பில் போடும் ஒரே கால அட்டவணை இங்கே பொருந்தாது.

உதவி பெறுவோரைத் தெரிவதிலும் இதே சிக்கல் வரும். 2023 இல் சமுர்த்தி என்ற பழைய நலன்புரித் திட்டத்தின் இடத்துக்கு வந்த அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டம், குடும்பத்தின் நிலையை மதிப்பிட்டுக் கொடுப்பனவைத் தீர்மானிக்கிறது. மீன் நன்றாகப் படும் வைகாசியில் பார்த்தால் வசதியாகத் தெரிகிற வீடு, மார்கழியில் வேறொரு வீடு. மதிப்பீட்டில் பருவத்துக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். வாடைக்கு முன்பே கை கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும்.

திடீர் முடிவுகளின் விலையை 2021 இல் நாடே பார்த்தது. மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது, நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வெளியிணைப்பு என்ஜின் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். அந்த விலை மாற்றம் எரிபொருள் விடயமாகப் பேசப்பட்டது. குச்சவெளியிலும் மூதூரிலும் அது மீன் விடயம், பிள்ளையின் கறி விடயம். உணவுக் கொள்கை எரிபொருளைத் தொடாமல் விட்டால் பாதி வேலைதான்.

சரி, கொடுக்கிற உதவிக்கு வருவோம். கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமா 1973 முதல் இருக்கிறது. சோளம், சோயா சேர்ந்த நல்ல மா. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் என்ற கணக்கில் மாதம் இரண்டு பக்கற். வீட்டில் நடப்பது வேறு. அம்மா மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருண்டை பிடிக்கிறாள். மூத்தது இரண்டும் கை நீட்டுகின்றன. எந்தத் தாய் இல்லை என்பாள்? மாதம் முடியுமுன்னே பக்கற் காலி. கொடுத்த பக்கற்றை எண்ணிவிட்டு வேலை முடிந்தது என்று அறிக்கை எழுதுவது தவறு. பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் கோடு ஏறியதா என்று பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் அந்த வீட்டின் அடுப்படி வரை போய்க் கேட்க வேண்டும். தாயைக் குறை சொல்ல ஏதுமில்லை. அந்த வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் பசி.

தாய்ப்பாலில் நாம் கெட்டிக்காரர். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்போர் 2016 கணக்கில் 82 சதவீதம். சறுக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. தண்ணீர்க் கஞ்சி, பிஸ்கட், தேத்தண்ணி. மீனுக்கு முள் பயம், கீரைக்குச் செமிக்காது என்ற பயம். ஆலோசனையைத் தாய்க்கு மட்டும் சொல்லி அனுப்புகிறோம். வீட்டில் என்ன சமைப்பது என்று தீர்மானிப்பது பல இடங்களில் மாமியார், சந்தையில் என்ன வாங்குவது என்று தீர்மானிப்பது கணவன். அவர்களையும் கிளினிக்குக்குக் கூப்பிட வேண்டும்.

கடைசியாக, பொறுப்பைப் பிரித்துவிட்டு யாரும் சேராமல் இருப்பது. நெல் கமநலத்துக்கு, மீன் கடற்றொழிலுக்கு, நிறை சுகாதாரத்துக்கு, மதிய உணவு கல்விக்கு. மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 11. ஒவ்வொன்றிலும் இந்த நால்வரும் ஒரே மேசையில், ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை இருந்தாலே பல முடிச்சு அவிழும். பாடசாலைச் சமையலுக்கு வேண்டிய முட்டை, கீரை, பயறு பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலிருந்தே வரலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சமைக்கும் அம்மாமாருக்குக் காசு நேரத்துக்குப் போக வேண்டும். அது தாமதித்தால் அவர்கள் கடனுக்குச் சாமான் எடுப்பார்கள், அப்புறம் முட்டை வாரத்துக்கு இரண்டிலிருந்து ஒன்றாகும்.